பேனல் பெட்டிக்குள் கம்பிக் காடு குறைய வழி

முன்பெல்லாம் கிணற்று மோட்டாருக்கு ஒரு மெயின் சுவிட்சும் ஒரு ஸ்டார்ட்டரும் இருந்தால் போதும். பச்சைப் பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும். சிவப்புப் பட்டனை அழுத்தினால் நிற்கும். இன்று நிலைமை அப்படி இல்லை. சொட்டு நீர்ப் பாசனம் அமைத்த தோட்டத்தில் மோட்டாரோடு வடிகட்டி, உரக் கரைசல் செலுத்தும் பம்ப், மடை மடையாகத் தண்ணீர் திறக்கும் மின் வால்வுகள், கிணற்றில் நீர் மட்டம் காட்டும் கருவி என்று பலவும் சேர்ந்துவிட்டன. இவை அனைத்தையும் இயக்கும் பேனல் பெட்டியைத் திறந்தால் உள்ளே கம்பிகள் கோரைப் புல் போல அடர்ந்து கிடக்கின்றன.

இதில் ஒரு கம்பி கழன்றாலும் சிக்கல்தான். மும்முனை மின்சாரம் வரும் சில மணி நேரத்திற்குள் வாழைக்கோ மஞ்சளுக்கோ தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். அந்த நேரத்தில் வால்வு திறக்கவில்லை என்றால், எந்தக் கம்பியில் குறை என்று உள்ளூர் எலக்ட்ரீசியனால் உடனே சொல்ல முடிவதில்லை. நகரத்திலிருந்து ஆள் வரும்வரை பயிர் காத்திருக்காது. பெரிய ஆலைகளில் இருந்த இதே தொல்லைக்கு அங்கு ஒரு வழி கண்டார்கள். வேலைக்கு ஒரு கம்பி என்று இழுப்பதை விட்டு, எல்லாக் கருவிகளையும் ஒரே ஜோடிக் கம்பியில் கோத்து, அதன் வழியே பேச வைப்பதுதான் அந்த வழி. அது இன்று அரிசி ஆலை, பால் குளிரூட்டும் நிலையம், சொட்டு நீர்த் தோட்டம் வரை வந்துவிட்டது. இதன் நன்மை எது, ஆபத்து எது, யாருக்கு இது தேவை என்பதை விவசாயிகள் அறிந்துகொள்வது அவசியம்.

பெட்டிக்குள் இரண்டு வகைக் கம்பிகள்

பேனல் பெட்டியில் உள்ள கம்பிகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, மோட்டாருக்கு 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தைக் கொண்டு செல்லும் தடித்த கம்பிகள். மற்றொன்று, "ஓடு", "நில்", "ஓடிக்கொண்டிருக்கிறேன்", "சூடாகி நின்றுவிட்டேன்" என்ற செய்திகளை மட்டும் கொண்டு செல்லும் மெல்லிய கம்பிகள்.

தடித்த கம்பிகளைக் குறைக்க முடியாது. எந்த மோட்டாருக்கும் அதன் குதிரைத் திறனுக்கு ஏற்ற கம்பி தனியாகப் போயே தீர வேண்டும். குறைக்கக் கூடியவை மெல்லிய செய்திக் கம்பிகளே. பெட்டியை நெருக்கமாக்குவதும், பழுது பார்ப்பவரைத் திணற வைப்பதும் பெரும்பாலும் இவைதாம்.

பழைய முறையின் கணக்கு

பத்து மோட்டார்கள் உள்ள ஒரு சிறிய அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். ஒரு மோட்டாருக்குக் குறைந்தது நான்கு செய்திகள் உண்டு. ஓடச் சொல்லும் கட்டளை ஒன்று. கன்டாக்டர் இழுத்துக்கொண்டதா என்று அறிய ஒன்று. ஓவர்லோடு ரிலே விழுந்ததா என்று அறிய ஒன்று. சுவிட்ச் கையியக்கத்தில் உள்ளதா, தானியக்கத்தில் உள்ளதா என்று அறிய ஒன்று. ஆக, பத்து மோட்டாருக்கு 40 செய்திகள், 40 கம்பிகள்.

ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு முனைகள் என்பதால் 80 திருகுகள் முடுக்க வேண்டும். வழியில் டெர்மினல் வரிசை ஒன்று வைத்தால் அதுவே 160 ஆகும். கன்டாக்டர் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பெட்டி அதிர்கிறது. வெயிலில் சூடாகி இரவில் ஆறுகிறது. இதனால் திருகுகள் நாளடைவில் தளரும். 160 திருகுகளில் ஒன்று தளர்ந்தாலும் ஒரு மோட்டார் நின்றுவிடும். எந்தத் திருகு என்று தேடுவதற்குள் அரை நாள் போய்விடும்.

ஒரே கம்பியில் பல கருவிகள்

புதிய முறையைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துக்கொண்டால் போதும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தாலும் ஆசிரியர் ஒருவரே. அவர் ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிடுகிறார். எந்த எண்ணைச் சொன்னாரோ அந்தப் பிள்ளை மட்டும் "உள்ளேன் ஐயா" என்கிறது. மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. ஒரே அறை, ஒரே காற்று. ஆனாலும் குழப்பம் இல்லை.

பேனல் பெட்டியிலும் அப்படியே. பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவி ஆசிரியர். ஸ்டார்ட்டர், நீர் மட்டக் கருவி, அழுத்தமானி போன்றவை மாணவர்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கப்படுகிறது. முதல் கருவியிலிருந்து இரண்டாவதற்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு என்று மாலை கோப்பது போல ஒரே ஜோடிக் கம்பி செல்கிறது. "3-ஆம் எண், ஓடு" என்றால் மூன்றாம் எண் ஸ்டார்ட்டர் மட்டும் ஓடும். "3-ஆம் எண், உன் நிலை என்ன?" என்றால் அது மட்டும் பதில் சொல்லும். பத்துக் கருவிகளையும் ஒரு சுற்று கேட்டு முடிக்கச் சாதாரணமாக ஒரு விநாடிகூட ஆகாது.

இதில் கூடுதல் நன்மை ஒன்றும் உண்டு. பழைய கம்பி "ஓடுகிறது", "ஓடவில்லை" என்பதை மட்டுமே சொல்லும். செய்தி பேசும் ஸ்டார்ட்டர் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, எந்த முனையில் மின்சாரம் குறைகிறது, எதனால் நின்றது என்பதையும் சொல்லும். கிணற்றில் நீர் வற்றி நீர்மூழ்கி மோட்டார் வெறுமனே ஓடும்போது ஆம்பியர் குறையும். அதைக் கண்டு மோட்டாரை நிறுத்தினால், காயில் எரிந்து மோட்டாரை மேலே இழுக்கும் செலவு மிச்சமாகும்.

செய்தி கெடாமல் போவது எப்படி?

மோட்டார் கிளம்பும்போது பெட்டிக்குள் மின் இரைச்சல் எழும். மெல்லிய கம்பியில் செல்லும் செய்தியை அது கெடுக்காதா என்று கேட்கலாம். இதற்கு இரண்டு காப்புகள் உள்ளன.

முதலாவது, இரண்டு கம்பிகளையும் கயிறு போல முறுக்கி விடுகிறார்கள். செய்தி என்பது இந்த இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு. வெளி இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்கும். ஆகவே வேறுபாடு மாறாது. தராசின் இரண்டு தட்டுகளிலும் ஒரே அளவு மழை பெய்தால் முள் நகராதது போல இது.

இரண்டாவது, ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண் சேர்த்து அனுப்பப்படுகிறது. வண்டியில் ஏற்றிய நெல் மூட்டைகளின் எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி அனுப்பி, இறக்கும் இடத்தில் எண்ணிப் பார்ப்பது போன்றது இது. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் கருவி அந்தச் செய்தியை ஏற்பதில்லை. ஆசிரியர் மறுபடியும் கேட்பார்.

இம்முறை வந்த விதம்

1969-இல் அமெரிக்க மோட்டார் கார் தொழிற்சாலை ஒன்றுக்காக மோடிகான் நிறுவனம் முதல் பி.எல்.சி. கருவிகளுள் ஒன்றைச் செய்து கொடுத்தது. சுவர் சுவராக நின்ற ரிலேக்களை அது அகற்றியது. ஆயினும் அதிலிருந்து புறப்படும் கம்பிகள் குறையவில்லை. அதே நிறுவனம் 1979-இல் மோட்பஸ் என்ற பேச்சு முறையை வெளியிட்டது. 1983-இல் ஆர்.எஸ்.-485 என்ற கம்பி விதிமுறை வந்தது. இதன்படி ஒரு ஜோடிக் கம்பியில் சாதாரணமாக 32 கருவிகளை இணைக்கலாம். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை செய்தி போகும். மோட்பஸ் முறையை இன்று எந்த நிறுவனமும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பல கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு இது பெரிதும் உதவுகிறது.

1986-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்காக கேன் என்ற முறையை வெளியிட்டது. வண்டிக்குள் ஓடும் கம்பிக் கட்டின் சுமையைக் குறைக்க இது உதவியது. டிராக்டரும் அதன் பின்னே பூட்டும் விதைப்புக் கருவியும் மருந்து தெளிப்பானும் பேசிக்கொள்வதற்கான ஐ.எஸ்.ஓ. 11783 என்ற உலக விதிமுறை இந்தக் கேன் முறையின்மீதே கட்டப்பட்டது. 1990-களில் செய்தியும் மின்சாரமும் ஒன்றாகவே செல்லும் மஞ்சள் நிறத் தட்டைக் கம்பி முறை வந்தது. கருவியைக் கம்பிமேல் வைத்து அழுத்தினால் அதன் ஊசிகள் உறையைத் துளைத்து இணைப்பு ஏற்படுத்திவிடும். கம்பியைச் சீவ வேண்டாம். திருகு முடுக்க வேண்டாம். கம்பியின் வடிவமே தலைகீழாக மாட்ட இடம் தராது.

தோட்டத்தில் மிச்சமாகும் கம்பி

ஒரு தோட்டத்தில் 12 மின் வால்வுகள் இருப்பதாகக் கொள்வோம். மோட்டார் கொட்டகையிலிருந்து நேர்கோட்டில் 30 மீட்டருக்கு ஒன்றாக, 360 மீட்டர் வரை அவை உள்ளன. பழைய முறையில் ஒவ்வொரு வால்வுக்கும் தனிக் கம்பி ஒன்றும், எல்லாவற்றுக்கும் பொதுக் கம்பி ஒன்றும் வேண்டும். தனிக் கம்பிகள் 30, 60, 90 என்று கூட்டினால் 2340 மீட்டர். பொதுக் கம்பி 360 மீட்டர். மொத்தம் 2700 மீட்டர்.

இரண்டு கம்பி முறையில் ஒவ்வொரு வால்வோடும் டிகோடர் என்ற சிறு கருவி ஒன்று இருக்கும். தன் எண்ணைக் கேட்டவுடன் அது வால்வைத் திறக்கும். வால்வுக்கு வேண்டிய மின்சாரமும் அதே ஜோடியில் வரும். ஆகவே 360 மீட்டர் தூரத்திற்கு இரண்டு கம்பிகள், அதாவது 720 மீட்டர் போதும். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கம்பியில் வேலை முடிகிறது. பிற்காலத்தில் மேலும் இரண்டு வால்வு சேர்க்க வேண்டுமானால், கொட்டகையிலிருந்து புதுக் கம்பி இழுக்காமல், இருக்கும் கம்பியிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் மிச்சமாகும் பணம் முழுவதும் கைக்கு வராது. டிகோடருக்கு விலை உண்டு. இந்தக் கம்பி சற்றுத் தடிமனாகவும் இருக்க வேண்டும். வால்வுகள் பத்துக்கு மேல் இருந்து, தூரமும் கூடுதலாக இருந்தால்தான் கணக்குக் கட்டும். கொட்டகைக்குப் பக்கத்திலேயே நான்கைந்து வால்வுகள் இருந்தால் பழைய முறையே சிக்கனம்.

கவனிக்க வேண்டிய ஆபத்து

பழைய முறையில் ஒரு வால்வின் தனிக் கம்பியை எலி கடித்தால் அந்த ஒரு வால்வு மட்டும் வேலை செய்யாது. புதிய முறையில் ஜோடிக் கம்பி அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள அனைத்தும் ஊமையாகிவிடும். இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் முழுப் பாதையும் நின்றுவிடும்.

அப்போது என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இத்தகைய வால்வுகள் பொதுவாக மின்சாரம் இல்லாதபோது மூடிக்கொள்பவை. கம்பி அறுந்து வால்வுகள் மூடிக்கொள்ள, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் குழாயில் அழுத்தம் ஏறும்; இணைப்பு பிய்த்துக்கொள்ளும், குழாய் வெடிக்கும். ஆகவே, வால்விலிருந்து பதில் வரவில்லை என்றால் சில விநாடிகளில் மோட்டார் தானே நிற்குமாறு அமைத்துத் தரும்படி கேட்க வேண்டும். இதற்கு மேல் காப்பாக, தலைக் குழாயில் அழுத்த சுவிட்ச் ஒன்றும் வைத்து, அதைத் தனிக் கம்பியில் நேராக ஸ்டார்ட்டரோடு இணைக்க வேண்டும்.

தனிக் கம்பியிலேயே இருக்க வேண்டியவை

கம்பி குறைகிறது என்பதற்காக எல்லாவற்றையும் செய்திக் கம்பியில் ஏற்றிவிடக் கூடாது. கீழ்க்கண்டவை பழைய முறையில் நேரடிக் கம்பியிலேயே இருக்க வேண்டும்.

1. ஆபத்து நேரத்தில் அழுத்தி நிறுத்தும் சிவப்புக் குமிழ். ஆலையில் பெல்ட்டில் துணி சிக்கும்போது பி.எல்.சி. யோசித்துச் சொல்லும்வரை காத்திருக்க முடியாது.

2. மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு ரிலே. அது விழுந்தால் கன்டாக்டர் நேராக விட்டுவிட வேண்டும். செய்தி பிறகு போகலாம்.

3. கையியக்கச் சுவிட்ச். பி.எல்.சி. பழுதானாலும் செய்திக் கம்பி அறுந்தாலும், வால்வைக் கையால் திறந்துவிட்டு மோட்டாரைப் பட்டன் அழுத்தி ஓட்ட வழி இருக்க வேண்டும். இந்த வசதி இல்லாத பேனலை விவசாயிகள் வாங்கவே கூடாது. ஒரு முறைத் தண்ணீர் தவறாமல் பயிரைக் காப்பது இதுதான்.

அமைக்கும்போது

செய்திக் கம்பி ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு வரிசையாகப் போக வேண்டும். ஆர்.எஸ்.-485 முறையில் மரக்கிளை போல நடுவில் பிரித்து நீளக் கிளைகள் இழுத்தால் செய்தி எதிரொலித்துக் கெடும். வரிசையின் இரண்டு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று போட வேண்டும். நடுவில் போடக் கூடாது.

இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, எதுவும் விளங்காமல் போகும். பழுதான ஸ்டார்ட்டரை மாற்றும்போது பழையதன் எண்ணையே புதியதற்கும் வைக்க வேண்டும். இதை மறப்பதால் நல்ல கருவியையே கெட்டது என்று கருதிவிடுவது உண்டு.

செய்திக் கம்பியையும் மோட்டார்க் கம்பியையும் ஒரே கட்டாகக் கட்டக் கூடாது. குறுக்கே போக வேண்டி வந்தால் சிலுவை போலக் கடக்கவிட வேண்டும். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் இருந்தால் இன்னும் தள்ளியே வைக்க வேண்டும்.

தோட்டத்தில் மண்ணுக்குள் போகும் கம்பியைக் குழாய்க்குள் விட்டு, மண்வெட்டியும் கலப்பையும் எட்டாத ஆழத்தில் பதிக்க வேண்டும். இணைப்புகளை டேப் சுற்றி மண்ணில் புதைப்பது கூடாது. நீர் புகாத பசை நிரப்பிய இணைப்பான்களையே பயன்படுத்த வேண்டும். நீளமான கம்பியில் இடி மின்னலின் தாக்கம் வரும். ஆகவே மின்னல் காப்பானும் நல்ல எர்த்தும் அவசியம். பெட்டிக்குள் கம்பி நுழையும் துளைகளை கிளாண்ட் போட்டு அடைத்தால் எலி, பல்லி, எறும்பு நுழையாது. கன்டாக்டருக்குள் பல்லி விழுந்து மோட்டார் நின்றதை அறியாத விவசாயி இருக்க முடியாது.

பழுது தேடும் முறை

பெட்டியைத் திறக்கும் முன் மெயினை நிறுத்துவது முதல் விதி. கெப்பாசிட்டரிலும் டிரைவிலும் மின்சாரம் நிறுத்திய பிறகும் சற்று நேரம் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆகவே இது பயிற்சி பெற்ற எலக்ட்ரீசியன் செய்ய வேண்டிய வேலை. ஆயினும் முறையை விவசாயி அறிந்திருந்தால் வீண் செலவு தவிர்க்கலாம்.

ஆர்.எஸ்.-485 கம்பியில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கும் இடையே மீட்டரால் அளந்தால் 60 ஓம்மை ஒட்டிக் காட்ட வேண்டும். நீளமான கம்பியில் சற்றுக் கூடலாம். 120 காட்டினால் ஒரு கோடியில் தடை இல்லை, அல்லது நடுவில் கம்பி அறுந்துள்ளது என்று பொருள். சுழியத்தை ஒட்டிக் காட்டினால் கம்பிகள் ஒட்டியுள்ளன. 40 காட்டினால் யாரோ தெரியாமல் மூன்றாவது தடை ஒன்றைப் போட்டிருக்கலாம்.

தோட்டத்து டிகோடர் கம்பியில் ஒட்டல் இருந்தால் ஒவ்வொரு வால்வாகத் தோண்டிப் பார்க்க வேண்டாம். நடு வால்வில் கம்பியைப் பிரித்துவிட்டு, கொட்டகைப் பக்கம் உள்ளவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வேலை செய்தால் குறை அப்பால், செய்யாவிட்டால் இப்பால். குறையுள்ள பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். இவ்வாறு பார்த்தால் 12 வால்வுப் பாதையில் நான்கே சோதனையில் குறை உள்ள இடம் தெரிந்துவிடும்.

யாருக்கு ஏற்றது?

ஒரு கிணறு, ஒரு மோட்டார், கையால் திருப்பும் நான்கு வால்வு என்று இருக்கும் சிறு விவசாயிக்கு இது தேவையில்லை. நல்ல ஸ்டார்ட்டரும், ஒற்றை முனை தடுப்பானும், வறண்டு ஓடாமல் தடுக்கும் ரிலேயும் அவருக்குப் போதும். பல விவசாயிகள் சேர்ந்து ஒரே நீராதாரத்திலிருந்து முறை வைத்துப் பாய்ச்சும் இடம், வால்வுகள் அதிகமுள்ள சொட்டு நீர்த் தோட்டம், குழுவாக நடத்தும் அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, குளிர் கிடங்கு ஆகியவற்றுக்கு இது ஏற்றது.

வாங்கும் முன் விற்பவரிடம் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். இது பல கம்பெனிகளின் கருவிகளோடும் பேசும் பொது முறையா, அந்தக் கம்பெனிக் கருவி மட்டுமே பேசும் தனி முறையா? கம்பி வரைபடமும் ஒவ்வொரு கருவியின் எண் பட்டியலும் தருவார்களா? பி.எல்.சி.யில் எழுதிய கட்டளைத் தொகுப்பின் நகலும் கடவுச்சொல்லும் கிடைக்குமா? மாற்றுக் கருவி எத்தனை நாளில் கிடைக்கும்? பழுது பார்க்கத் தெரிந்தவர் எந்த ஊரில் இருக்கிறார்? இந்தப் பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. விற்றவர் கடையை மூடிவிட்டால், கடவுச்சொல் இல்லாத பேனல் சாவி தொலைந்த பெட்டியாகிவிடும்.

வரைபடத்தையும் எண் பட்டியலையும் உறையில் போட்டுப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு கம்பி முனையிலும் எண் வளையம் போட்டிருக்க வேண்டும். டிகோடர் ஒன்றும் 120 ஓம் தடை இரண்டும் கையிருப்பில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலத்திற்கு முன், மெயினை நிறுத்தித் திருகுகளை முடுக்கி, தூசி தட்டி, சிவப்புக் குமிழையும் கையியக்கச் சுவிட்சையும் சோதித்துப் பார்க்க வேண்டும். இவ்வாறு பராமரித்தால், மின்சாரம் வரும் நேரத்தில் தண்ணீர் தவறாமல் வயலுக்குப் போய்ச் சேரும்.